அப்பா வீட்டு உடம்பும் ஒரு டோலியும்

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் குண்டு என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க" என்பார்கள், ஏதோ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாவுக்கு மட்டும் இந்தப் பூச்சு வேலையெல்லாம் தெரியாது. "இன்னாமா, கீரை துன்றதும் நீதான், ஊதிகினே போறதும் நீதானா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. பதில்தான் என்னிடம் இல்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மாதவிலக்கு நின்று கொஞ்ச காலம் ஆகிறது. கீழ்க்கட்டளையில் இருக்கிற என் அக்காவுக்கு எனக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் போன் பண்ணி, "எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆயிடுச்சுடி, பென்ஷன்தான் எங்கன்னு தெரியல" என்றாள். பென்ஷன் பிறகு வந்தது, இரண்டு பேருக்கும். வயிற்றில் வந்தது. முன்பெல்லாம் எடை கூடினால் கை, கால், கன்னம் என்று ஊருக்குப் பொதுவாகக் கூடும். இப்போது எல்லாம் ஒரே இடத்தில். புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு நான் நடந்தால், எனக்கு முன்னால் அது போய்க் கதவைத் திறக்கும்.

இதில் என்னை எரிச்சல் படுத்தியது என் ஓரகத்தி. ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில், அடுப்பு மட்டும் ஒன்று. நான் சாப்பிடுகிற அதே குழம்பைத்தான் அவளும் சாப்பிடுகிறாள். என்னைவிட ஒரு கரண்டி அதிகமாகவே சாப்பிடுகிறாள், அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு. ஆனாலும் புடலங்காய்க்குக் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நேராக, ஒல்லியாக இருக்கிறாள். "எனக்கு உடம்புல ஒட்டவே மாட்டேங்குது அக்கா" என்று அவள் வருத்தப்படும்போது எனக்கு வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அக்காவிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. "அது நம்ம அப்பா வீட்டு உடம்புடி. ஒண்ணும் பண்ண முடியாது." சாட்சிக்கு அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாண போட்டோ மாட்டியிருக்கிறது. அப்பாவின் அக்கா தங்கைகள் எல்லோரும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலிதான் தெரியாது. "பாரு, எல்லாரும் நம்மள மாதிரியே. இவங்க என்ன பர்கரா சாப்பிட்டாங்க? நாத்து நட்டவங்க, களை எடுத்தவங்க. அப்பவும் இப்படித்தான். மேல இருக்கறவன் எழுதி அனுப்பிச்சுட்டான், நாம கொண்டு திரியறோம்" என்பாள்.

நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன், அக்கா சபரிமலைக்குப் போய்விட்டு வரும் வரைக்கும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அது ஒரு காத்திருப்பு. மாதவிலக்கு நின்று வயதும் தாண்டினால்தான் மாலை போட்டுக்கொள்வது வழக்கம். அக்கா அந்த வயது தாண்டிய பிறகு ஒருவழியாக மாலை போட்டாள், இருமுடி கட்டினாள், பம்பைக்குப் போனாள். நீலிமலை ஏற்றத்தைப் பார்த்ததும் மூச்சு வாங்கியது. டோலியில் ஏறிவிட்டாள். இரண்டு கழிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி, நான்கு பேர் தோளில் வைத்துத் தூக்கிப்போவார்கள், அதுதான் டோலி. திரும்பி வந்து சொன்னாள், "கலெக்டர் மாதிரி போனேன்டி. எல்லாரும் வழி விட்டாங்க." அப்புறம் சிரித்துக்கொண்டே, "தூக்குறதுக்கு முன்னாடி அதுல ஒருத்தன் என்னைப் பாத்துட்டு, இன்னும் ஒரு ஆளைக் கூப்பிடலாமான்னு கேட்டான் தெரியுமா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சிரிப்பை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த முறுக்கல் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் நானும் மாலை போடுவதாக இருந்தேன். "உனக்கும் சேத்து டோலி சொல்லிடலாம், ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல பேசிகிட்டே போகலாம்" என்றாள் அக்கா.

"நான் நடந்துதான் ஏறுவேன்."

"எந்தக் காலால?"

"என் காலாலதான்."

"அது அப்பாவோட காலுடி" என்றாள்.

அப்படித்தான் அது எனக்கு ஒரு பந்தயமாகிவிட்டது. வெளியில் பார்க்க டோலியா காலா என்கிற விளையாட்டு. உள்ளே வேறு ஒன்று இருந்தது. சர்க்கரை வரப்போகிற எல்லையில் நிற்கிறீர்கள், எடையைக் குறைத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா ஆடி மாதமே சொல்லியிருந்தார். அக்கா சொல்கிற மாதிரி எல்லாம் எழுதி அனுப்பியதுதான் என்றால், குறைக்க முயல்வதே வெட்டி வேலை. இல்லை என்றால்? அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முயற்சியை உடனே தொடங்கியிருக்கலாம். நான் தொடங்கவில்லை. கார்த்திகை வரட்டும், விரதம் வந்தால் எடை தன்னால் இறங்கும் என்று இருந்துவிட்டேன். விரதம் என்றால் வயிற்றைக் கட்டுவதுதானே? உலகத்தில் எங்கேயோ அப்படி இருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

மாலை போட்ட நாளிலிருந்து எனக்குப் பெயர் மாறிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏய், இங்க வா" என்றே கூப்பிட்ட மனிதர், "சாமி, காபி கிடைக்குமா சாமி" என்கிறார். அவரும் மாலை போட்டவர், குழுவுக்குக் குருசாமி வேறு. தெருவில் எல்லோருக்கும் நான் "மாளிகைப்புரம்", மாலை போட்ட பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாளிகைப்புரம் பசியோடு இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று என் ஓரகத்தி முடிவு பண்ணிவிட்டாள். அவளுக்கு இன்னும் மலைக்குப் போகிற வயதில்லை. அதனால் புண்ணியத்தை அடுப்பு வழியாகச் சேர்த்தாள். காலையில் பூஜை முடிந்ததும் நெய் மிதக்கும் வெண்பொங்கல், வடை. மதியம் பாயசத்தோடு சாப்பாடு. ராத்திரி சாதம் கூடாது, விரதமாயிற்றே, பலகாரம்தான். தோசை, அடை, இட்லி. தோசையும் இட்லியும் எதிலிருந்து வருகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அரிசி ஊறி, அரைபட்டு, புளித்து வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அது அரிசி இல்லை.

போதாததற்குச் சாயங்காலம் பஜனை. இன்று இந்தத் தெரு சாமி வீடு, நாளை அந்தத் தெரு. சரணம் முடிந்ததும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வரும், கேசரி வரும், சுண்டல் வரும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தேன். "சாமியே குடுக்கறாரு, மாளிகைப்புரம், நீங்க யாரு வேணாம்னு சொல்ல?" என்று ஒரு வீட்டம்மா இன்னொரு கரண்டி வைத்தார்.

பாதி விரதத்தில் டாக்டரம்மாவிடம் போனேன், பாராட்டு வாங்கிக்கொள்ள. எடை மெஷினில் ஏறினேன். இரண்டு கிலோ கூடியிருந்தது. இறங்கிவிட்டு, மாலையைக் கழற்ற முடியாதே, அதனால் இருக்குமோ என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

"விரதத்துக்கு என்ன விட்டீங்க?"

"மீன், முட்டை, கறி, எல்லாத்தையும் விட்டேன் டாக்டர்."

"என்ன சேத்தீங்க?"

நான் சொல்லச் சொல்ல அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார்.

"அம்மா, உங்க சாப்பாட்டுல உருப்படியா இருந்தது அந்த முட்டையும் மீனும்தான். அதை விட்டுட்டு அரிசியும் வெல்லமும் நெய்யும் ஏத்தியிருக்கீங்க. இந்த வயசுல தசை தன்னாலயே கரையும். தசை இருந்தாத்தான் சாப்பிட்டது செலவாகும். அதுக்குப் புரோட்டீன் வேணும். பருப்பு, பயறு, தயிர், மோர் இதெல்லாம் விரதத்துக்கு ஆகாதா?"

"ஆகும்."

"சுண்டல் பிரசாதம்தானே?"

"ஆமா."

"அப்ப பொங்கலுக்கு முன்னாடி சுண்டலைச் சாப்பிட வேண்டியதுதானே?"

எனக்கு அது தோன்றியதே இல்லை. சுண்டல் எங்களுக்குக் கேசரி தீர்ந்துபோனால் சாப்பிடுகிற பொருள்.

போகிற போக்கில் கேட்கிற மாதிரி, மனதில் இருந்ததைக் கேட்டேன். "ஒரே குழம்பைச் சாப்பிடுற என் ஓரகத்தி ஒல்லியாவே இருக்கா. எங்க அக்கா, இது அப்பா வீட்டு உடம்பு, மாறாதுங்கறா. நிஜமா டாக்டர்? மறைக்காம சொல்லுங்க."

வெளியே ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்த மழைக்கு முடிச்சூர்ல தண்ணி நிக்குதா?"

"நிக்காமயா? எங்க சொந்தக்காரங்க வீட்டு வாசல்ல முழங்கால் அளவு."

"உங்க தெருவுல?"

"எங்க தெரு மேடு. ஓடிடும்."

"மழை ஒண்ணுதானே? உங்க ஓரகத்தி மேட்டு மனை. நீங்களும் உங்க அக்காவும் பள்ளத்து மனை. ஒரே சமையல்தான், அவங்களுக்கு ஓடிடுது, உங்களுக்கு நிக்குது. அதைத்தான் ஜீன்ங்கறோம், பொறக்கும்போதே வந்தது. அதுல உங்க அக்கா சொல்றது சரி. மாதவிலக்கு இருந்த வரைக்கும் ஹார்மோன்னு ஒரு கால்வாய் இருந்துச்சு. வர்றதை இடுப்பு, தொடைன்னு பிரிச்சு விட்டுச்சு. இப்ப அது தூந்து போச்சு. அதனால எல்லாம் வயித்துல வந்து நிக்குது."

"அப்ப அவ்வளவுதானா?"

"முடிச்சூர்க்காரங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டாங்களா? வாய்க்காலைத் தூர் வார்றாங்க, வாசப்படிய ஒசத்துறாங்க. மேட்டுக்காரங்களுக்கு இல்லாத வேலை இவங்களுக்கு இருக்கு. அது அநியாயம்தான், நான் இல்லேங்கல. நீங்க உங்க ஓரகத்தி மாதிரி ஆகப்போறதும் இல்ல. ஆனா தண்ணிய வடிய வைக்கலாம். மலை ஏறுற உடம்பா ஆக்கலாம். படி ஏறுங்க."

அநியாயம்தான் என்று ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டது எனக்கு மருந்து கொடுத்த மாதிரி இருந்தது. அதுவரைக்கும் எல்லோரும் வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள், ஏதோ நான் தனியாக ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து ஓரகத்தியிடம் சொன்னேன். பொங்கலுக்குப் பதில் பாசிப்பயறு, பாயசத்துக்குப் பதில் மோர், தோசை ஒன்றோடு நிறுத்தம், சுண்டலில் தேங்காய் கொஞ்சமாக. அவள் முகம் தொங்கிப்போனது. "தேங்கா போடாத சுண்டல் சுண்டலா அக்கா? ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றாள். ஆனாலும் செய்தாள். இஞ்சி, பச்சைமிளகாய், மாங்காய்த் துருவல் எல்லாம் போட்டு அவள் ஒரு பயறு செய்தாள் பாருங்கள், என் வீட்டுக்காரர் குருசாமி என்பதையும் மறந்து சண்டை போட்டு இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பஜனையில் தப்பிப்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. பரிமாறுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கரண்டி கையில் இருக்கிறவளை யாரும் உபசரிக்க மாட்டார்கள். எல்லோருக்கும் போட்டு முடித்து நான் உட்காரும்போது பொங்கல் பானை சுரண்டலில் இருக்கும். சுண்டல் மட்டும் எப்போதும் மிஞ்சும். தெருவெல்லாம், "மாளிகைப்புரத்துக்கு என்ன பக்தி, என்ன பக்தி" என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

படிக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். தண்டவாளத்தின் மேலே போகிற நடைபாலத்தில் காலையில் ஏறி இறங்குவேன். மாலை போட்டிருந்ததால் செருப்பு கிடையாது. தலையில் இருமுடி பழக்கத்துக்காக ஒரு துண்டில் அரிசியைக் கட்டி வைத்துக்கொள்வேன். முதல் நாள் பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இதயம் காதில் அடித்தது. திடீரென்று உள்ளேயிருந்து ஒரு சூடு கிளம்பி, மழைக்குளிரிலும் முதுகெல்லாம் வியர்த்தது. அதுவும் இந்த வயதின் சீதனம்தான். படிக்குக் கீழே பூ விற்கிறவள் சில நாள் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா சாமி, ஏற்ற, எறங்குற, திரியும் ஏற்ற. ரயிலும் பிடிக்கல. எதுனா தொலச்சிட்டியா?"

"தொலைக்கத்தான்மா பாக்கறேன்."

"இன்னாத்த?"

வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அவள் மல்லிகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். "அது எங்க போவப் போவுது, பாவம், உன்னையே நம்பிகினு கீது" என்றாள். அதற்குப் பிறகு தினமும், "இன்னைக்கு எத்தினி வாட்டி சாமி?" என்று விசாரிப்பாள். அவசரமாகப் போகிற ஆட்கள், நான் அங்கேயே திரிவதைப் பார்த்து, ரயில்வே ஆள் என்று நினைத்துச் செங்கல்பட்டு வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று கேட்பார்கள். நானும் சொல்லிவிடுவேன். நாள் போகப் போக, நிற்காமல் ஏறிக்கொண்டே பதில் சொல்ல வந்தது.

அக்காவிடம் இதையெல்லாம் போனில் சொன்னால், "பண்ணு, பண்ணு" என்பாள். அவளும் அந்த வருடம் மாலை போட்டிருந்தாள். டோலி உறுதி என்பதால் பொங்கலை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டரம்மாவின் மெஷினில் ஏறினேன். ஏறின இரண்டு கிலோ போய், அதற்கு மேல் ஏதோ கொஞ்சம் போயிருந்தது. நான் மெலிந்துவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. கீரை அம்மா, "ஊதறது நின்னுகிச்சு போல" என்றாள். அவ்வளவுதான் கிடைத்த பட்டம்.

பம்பையில் குளித்துவிட்டு, இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றோம். குழுவில் ஆண்கள் எல்லாம் குருசாமி பின்னால் சரணம் சொல்லிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்கள். அக்கா டோலியில் ஏறி உட்கார்ந்தாள். தூக்கினவர்கள் தென்காசிப் பக்கத்து ஆட்கள், தமிழ்தான் பேசினார்கள். ஒரு பெரியவரும் மூன்று இளவட்டங்களும். இன்னொரு காலி டோலிக்காரர்கள் என் கூடவே நடந்து வந்தார்கள், ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் நம்மை விடாமல் வருகிற மாதிரி. "வேணாம்ப்பா" என்றேன். "பரவாயில்லம்மா, சும்மாத்தான் வர்றோம்" என்றார்கள். அந்தச் 'சும்மா' எனக்கு நன்றாகப் புரிந்தது.

நீலிமலை ஏற்றம் ஸ்டேஷன் பாலம் மாதிரி இல்லை. பாலத்துக்கு ஒரு முடிவு உண்டு. நான் பத்து அடி வைப்பேன், நிற்பேன், மூச்சு விடுவேன், மறுபடி வைப்பேன். மேலிருந்து அக்காவின் குரல்.

"எப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா. என் தங்கச்சி வரட்டும்."

டோலி நின்றது. நான் போய்ச் சேர்ந்தேன். "முடியலேன்னா சொல்லுடி, அந்தக் காலி டோலி பின்னாடியே வருது" என்றாள். நான் அடுத்த அடியை வைத்தேன். பேசினால் மூச்சு வீணாகும்.

மறுபடி புறப்பட்டார்கள். மறுபடி அக்கா, "நில்லுங்கப்பா, அவளைக் காணோம்." இப்படியே நின்று நின்று போயிற்று. நான் எப்போது உட்காருவேன் என்று பார்க்கத்தான் நிறுத்துகிறாள் என்று எனக்குப் பட்டது. ஒரு திருப்பத்தில் அந்தக் காலி டோலிக்காரர்களே அலுத்துப்போய் என்னை விட்டுவிட்டு வேறு ஆள் தேடிக் கீழே இறங்கிவிட்டார்கள். எனக்கு மெடல் குத்தின மாதிரி இருந்தது.

அப்பாச்சிமேடு நெருங்கும்போது அக்காவைத் தூக்கின பெரியவர் டோலியைத் தரையில் இறக்கிவிட்டார். துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. வேகமாப் போனா பாரம் தெரியாது. நின்னு நின்னு போனா தோள்பட்டை கழண்டுடும். தங்கச்சிய விட்டுட்டு மேல போயிடலாம்."

"அவளை விட்டுட்டா? மூச்சு வாங்கிகிட்டு வர்றா, விழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்று அக்கா சீறினாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப இந்தக் கொஞ்ச தூரம் எறங்கி, தங்கச்சி கூட நடங்க. நாங்க பின்னாடியே வர்றோம். முடியலேன்னா ஏறிக்கலாம்."

அக்கா இறங்கினாள். இறங்கும்போதே முட்டியையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். ஒரு கை என் தோளில், ஒரு கை இருமுடியில். நான் அவளுக்கு என் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன், பத்து அடி, ஒரு நிற்றல். அவள் ஆறிலேயே நின்றாள். சரி, ஆறு என்றேன். அப்பாச்சிமேடு தாண்டினால் ஏற்றம் குறைந்து பாதை சமமாகிறது. அங்கே வந்ததும் அவள் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பேச்சும் வந்துவிட்டது. முன்னால் போகிற ஒரு சாமியின் வேட்டிக் கட்டைப் பற்றி ஒரு கருத்து சொன்னாள். அப்போதுதான் எனக்கு அவளைப் பற்றிய பயம் போனது.

வழியில் ஒரு கல் மேடையில் உட்கார்ந்தோம். சுக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி வயிறு, ஒரே மாதிரி கணுக்கால், ஒரே மாதிரி மூச்சு. பார்க்கிறவர்கள் கேட்காமலேயே அக்கா தங்கை என்று சொல்லிவிடுவார்கள். டோலிக்காரர்கள் நான்கு பேரும் எதிரில் காலி டோலியை வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

"ஏறிக்கிறீங்களாம்மா?" என்றார் பெரியவர்.

அக்கா டோலியைப் பார்த்தாள். வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க போங்கப்பா. கீழ யாராவது முடியாதவங்க இருப்பாங்க" என்றாள்.

பிறகு என் பக்கம் கையை நீட்டி, "என்னடி பாக்கற? எழுப்பி விடு" என்றாள்.